ஒரு சொல்லுக்கு இரு வேலை

சில மாதங்களுக்கு முன், என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். இப்போது பொறியியற் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிப்பவர். முகம் வாடியிருந்தது. காரணம் வினவினேன். மூன்று நாள் உழைத்து எழுதிய கணினி நிரல், ஒரு வரிக் கட்டளையால் அழிந்துபோயிற்று என்றார். "கவனமாக இருந்திருக்க வேண்டாமா?" என்று ஆசிரியர்களுக்கே உரிய வழக்கப்படி கடிந்துகொண்டேன். அவர் அடக்கமாக, "ஐயா, அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். நான் ஒன்றை நினைத்தேன், கருவி மற்றொன்றைச் செய்துவிட்டது" என்றார்.

ஒரு வினாவை மாணவன் இருவிதமாகப் பொருள்கொள்ள இடமிருக்குமானால், பிழை வினாவை எழுதியவனுடையது என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். ஆகவே கடிந்துகொண்டதை விடுத்து, விவரத்தைக் கேட்டறியலானேன். மாணவர்களே, அவ்வாறு அறிந்ததையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

அவர் கையாண்ட கருவியின் பெயர் 'கிட்'. நிரல் எழுதுவோர் நாள்தோறும் செய்யும் திருத்தங்களை வரிசையாகப் பதிந்து வைத்து, வேண்டும்போது பழைய நிலையைத் திரும்பப் பெற உதவும் கருவி அது. லினக்ஸ் இயங்குதளத்தை ஆக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் இதை எழுதத் தொடங்கினார். அதுவரை லினக்ஸ் ஆக்குநர்கள் பயன்படுத்திவந்த 'பிட்கீப்பர்' என்னும் கருவி அவர்களுக்கு இலவசமாகக் கிடைப்பது நின்றுபோனதே காரணம். அவ்வாண்டு ஜூலையில் ஜூனியோ ஹமானோ என்பவர் பராமரிப்புப் பொறுப்பை ஏற்றார். அவசரத் தேவைக்காகப் பிறந்த கருவி உலகெங்கும் பரவிற்று. அவசரத்தில் வைத்த பெயர்களும் உடன் பரவின.

இக்கருவியில் வேலை மூன்று இடங்களில் இருக்கும். நாம் எழுதித் திருத்தும் கோப்புறை ஒன்று. நிலையாகப் பதிந்த களஞ்சியம் ஒன்று. பதிவுக்குத் தயாராக நிறுத்தி வைக்கும் இடைநிலை ஒன்று. (இந்த இடைநிலைக்கே இண்டெக்ஸ், கேஷ், ஸ்டேஜ் என மூன்று பெயர்கள் வழங்குகின்றன, ஒரு மாணவனுக்கு வருகைப்பதிவேட்டில் மூன்று பெயர் இருந்தால் ஆசிரியர் என்ன பாடுபடுவார்!) களஞ்சியத்தில் பதிந்துவிட்டது எளிதில் அழியாது. எங்கும் பதியாமல் கோப்புறையில் மட்டும் இருப்பதற்கோ காவல் இல்லை. இன்னொரு செய்தி: ஒரே நிரலைப் பல கிளைகளாகப் பிரித்து, கிளை மாறி மாறி வேலை செய்யலாம்.

கிளை மாறுவதற்கான கட்டளை 'செக்கவுட்'. கோப்பில் செய்த திருத்தங்களைக் கைவிட்டு, பதிந்து வைத்த பழைய வடிவத்தை அதன்மேல் எழுதுவதற்கான கட்டளையும் 'செக்கவுட்' தான். நம் மாணவர் 'ரிப்போர்ட்' என்னும் கிளைக்கு மாற எண்ணி, செக்கவுட் ரிப்போர்ட் என்று தட்டெழுதினார். அக்கிளையை உண்டாக்கிவிட்டதாக அவர் நினைத்திருந்தார், உண்டாக்கவில்லை. ஆனால் அதே பெயரில் கோப்புறை ஒன்று இருந்தது. அப்பெயரில் கிளை இல்லாமையால், கோப்புறையைத்தான் கேட்கிறார் என்று கருவி முடிவுசெய்து, பழைய வடிவத்தைத் திருத்தங்களின்மேல் எழுதிவிட்டது. மூன்று நாள் உழைப்பு போயிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிளை மாறும்போது பதியாத திருத்தம் அழிய நேருமாயின், இதே கட்டளை மாற மறுத்து, எச்சரிக்கை தந்து நின்றுவிடும். கோப்பின்மேல் எழுதும்போதோ ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. ஒரே சொல் ஓர் இடத்தில் காவற்காரன். மற்றோர் இடத்தில் கள்வன்.

ஏன் இவ்வாறு அமைந்தது? கருவியின் உள்ளே நின்று பார்த்தால், இரண்டும் ஒரே செயல்தான்: சேமித்த இடத்திலிருந்து எடுத்துக் கோப்புறையில் வைப்பது. கட்டளையிடுபவன் நோக்கில் பார்த்தாலோ, ஒன்று இடம் மாறுதல். மற்றொன்று செய்ததைத் துறத்தல். பெயர் வைத்தவர்கள் யந்திரத்தின் வயிற்றைப் பார்த்துப் பெயர் வைத்தார்களேயன்றி, மனிதன் கருத்தைப் பார்த்து வைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் அச்சொல்லை மாற்றிவிடலாமே என்பீர்கள். நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில், இடைவேளைக்கும் பள்ளி முடிவுக்கும் ஒரே விதமாகத் தண்டவாளத் துண்டை அடிப்பார்கள். புதிதாக வந்த மாணவர்கள் இடைவேளையிலேயே வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவர். இடைவேளை மணியை நிறுத்தினேன். மறுநாளே எதிர்வீட்டுப் பாட்டி வந்து, "ஐயா, உங்கள் மணியைக் கேட்டுத்தான் உலை வைக்கிறேன்" என்றார். பழைய மணியை மீண்டும் அடிக்கச் சொல்லி, இடைவேளையன்று அதனுடன் சிறிய கைமணி ஒன்றையும் சேர்த்தேன்.

கிட் கருவிக்கும் அத்தகைய பாட்டிகள் கணக்கற்றோர். மனிதர் கைப்பட எழுதாமல் தாமே இயங்கும் எத்தனையோ நிரல்கள் பழைய சொல்லை நம்பியிருக்கின்றன. முதலில் இக்கருவியின் கட்டளைகள் 'கிட்' என்பதோடு சிறு கோடிட்டு இணைந்த தனித்தனி நிரல்களாக இருந்தன. 2008ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்த 1.6 பதிப்பு அவற்றை வழக்கமான இடத்திலிருந்து அகற்றியது. அவ்வழக்கைக் கைவிடுமாறு நெடுங்காலம் சொல்லிவந்திருந்தும் பெருங்கூச்சல் எழுந்தது. வெளியீட்டுக் குறிப்பை யார் படிக்கிறார்கள்! பின்னர், திருத்தங்களைப் பிறருக்கு அனுப்பும் 'புஷ்' கட்டளை, ஒத்த பெயருடைய எல்லாக் கிளைகளையும் அனுப்பிவந்ததை மாற்றி, நிற்கும் கிளையை மட்டும் அனுப்பச் செய்ய விரும்பினார்கள். இம்முறை முன்னைய பதிப்புகளில் அக்கட்டளையை இட்டவர் கண்ணெதிரிலேயே எச்சரிக்கை தோன்றச் செய்து, 2014ஆம் ஆண்டு 2.0 பதிப்பில்தான் மாற்றினார்கள். அறிவிப்புப் பலகையில் எழுதுவதற்கும் வகுப்பறை வாசலில் நின்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இது.

செக்கவுட் விஷயத்தில் அவர்கள் கைமணியைத் தேர்ந்தார்கள். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த 2.23 பதிப்பில் இரண்டு புதிய சொற்கள் சேர்ந்தன. 'ஸ்விட்ச்' கிளை மாறுவதற்கு மட்டும். அது கோப்புகளைத் தேடிப் போகாது. 'ரெஸ்டோர்' கோப்பை மீட்பதற்கு மட்டும். பழைய சொல் இருந்த இடத்திலேயே இருந்தது. புதிய சொற்களையும் உடனே நிலைநாட்டிவிடவில்லை. பரிசோதனையில் இருப்பவை என்று ஆவணத்தில் எழுதி வைத்து, 2025ஆம் ஆண்டில் 2.51 பதிப்பில்தான் அக்குறிப்பை நீக்கினார்கள். ரெஸ்டோரும் கேட்காமலே மேலெழுதும் என்பதை மறவாதீர்கள். ஆயினும் கிளை மாற எண்ணுபவன் அச்சொல்லைத் தட்டெழுத மாட்டான்.

நம் மாணவரின் கல்லூரி ஆய்வகத்தில் தரும் பயிற்சித் தாளில் இன்னும் பழைய கட்டளையே அச்சாகியிருக்கிறதாம். அடுத்த பருவத்துக்குள் அதைத் திருத்தி எழுதித் தருவதாக அவர் தம் பேராசிரியரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். எழுதியதை முதலில் எனக்குக் காட்டுமாறு கேட்டுக்கொண்டேன்.