எண், எழுத்து, பெயர்: அனுமந்தன்பட்டியை முன்வைத்து

தமிழில் எண்ணுக்கும் எழுத்துக்குமான உறவு வரிவடிவிலேயே அமைந்தது. க ஒன்று, உ இரண்டு, எ ஏழு, அ எட்டு, கால் என்னும் பின்னத்திற்கு வகரம். ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடலில் எட்டேகால் என்பது ‘அவ’ என்றாகி வசையாவதும், திருமந்திரம் கூறும் எட்டும் இரண்டும் அகர உகரங்களாகப் பொருள்கொள்ளப்படுவதும் இதனாலேயே. இங்கு எண் சுட்டுவது எழுத்தையே. எவருடைய ஊழையும் அன்று. நெல் அளப்போர் முதல் அளவை ‘ஒன்று’ என்னாது ‘லாபம்’ என்பதும், மொய்ப்பணம் நூற்றொன்றாக அமைவதும் மங்கல வழக்குகள். அவற்றில் கணக்கீடு இல்லை.

இன்று வழங்கும் பெயரெண் கணிதம் வேறு வகையது. கீரோ பரப்பிய முறையில் ஆங்கில எழுத்துகளுக்கே 1 முதல் 8 வரை மதிப்புண்டு. தமிழ்ப்பெயரும் ஆங்கிலத்திற்கு மாறிய பின்னரே எண்ணாகிறது. உத்தமபாளையத்திற்கும் கம்பத்திற்கும் இடையிலுள்ள அனுமந்தன்பட்டியைச் சான்றாகக் கொள்ளலாம். அனுமந்தன்பட்டி எனப் பதினைந்து ஆங்கில எழுத்துகளில் எழுதினால் கூட்டுத்தொகை 55. சுருக்கினால் 1, சூரியனுக்குரியது. தகரத்தை அடுத்துவரும் ‘எச்’ நீங்கினால் 50. அது 5, புதனுக்குரியது. ஆங்கில ஆவணங்களில் வழங்கும் ‘ஹனுமந்தம்பட்டி’ என்னும் வடிவிற்கு 59, அதுவும் 5. தமிழில் ஓரெழுத்தும் மாறாதிருக்க, ஒலிபெயர்ப்பாளரின் விருப்பத்தால் கோள் மாறிவிடுகிறது! 2020இல் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டு, விரைவிலேயே அதைத் திரும்பப் பெற்றது. இக்கணிதத்தின்படி அவ்வூர்களுட் பலவற்றின் பலன்கள் ஒரே மாதத்தில் இருமுறை மாறியிருத்தல் வேண்டும்.

ஆயினும் இந்நம்பிக்கையை நிலைநிறுத்துவது பெயரைவிட நினைவே எனலாம். 8, 17, 26 ஆகிய நாள்களில் பிறந்தோர் எட்டாம் எண்ணினர். அவ்வெண் சனிக்குரியது என அஞ்சப்படுகிறது. அவர்தம் வாழ்வில் இழப்பு நேர்ந்த நாளின் இலக்கங்களைக் கூட்டினால் விடை ஒன்பது எண்களுள் ஒன்றாகவே அமையும். ஆகவே ஏறத்தாழ ஒன்பதில் ஒரு நிகழ்வு தற்செயலாகவே எட்டில் முடியும். நாளை மட்டும் கூட்டுவது, திங்களும் ஆண்டும் சேர்த்துக் கூட்டுவது என இருவழிகளும் இருப்பதால் பொருந்தும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது. பொருந்திய நாள் குடும்பத்தில் கதையாகச் சொல்லப்படுகிறது; பொருந்தாத நாள்களை எவரும் கூட்டிப் பார்ப்பதில்லை.