சங்கிலிகள் ஆள் மாற்றிக்கொள்ளும், தெரியுமா?

நீங்கள் போட்டிருக்கும் பாலியெஸ்டர் சட்டையும் கையிலுள்ள தண்ணீர் பாட்டிலும் ஒரே பொருள், தெரியுமா? இரண்டுமே பெட் (PET) என்ற பாலியெஸ்டர்! இழையாக இழுத்தால் துணி, அச்சுக்குள் ஊதினால் பாட்டில்.

1930 வாக்கில் அமெரிக்காவின் டுபான்ட் ஆய்வகத்தில் கரோதர்ஸ் குழு செய்து பார்த்த பாலியெஸ்டர் இழைகள் 100 டிகிரிக்குள்ளேயே உருகிவிட்டன. இஸ்திரிப்பெட்டியே வைக்க முடியாத துணி யாருக்கு வேண்டும்? 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற வேதியியலாளர்கள் பாலியெஸ்டரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிக்குள் பென்சீன் வளையத்தை நுழைத்தார்கள். அதுதான் பெட். உருகுநிலை ஒரே தாவலில் 250 டிகிரியைத் தாண்டியது!

காலி பெட் பாட்டிலில் கொதிநீரை ஊற்றினால் உடல் சுருங்கிக் கோணிக்கொள்ளும், கழுத்து அவ்வளவாக அசையாது, கவனித்ததுண்டா? ஊதும்போது இழுபட்டது உடல்தான், கழுத்து அல்ல. இழுத்து நிறுத்திய சங்கிலிகள், 75 டிகிரி தாண்டியதும் பழையபடி சுருளப் பார்க்கின்றன. பழச்சாற்றைச் சூடாகவே நிரப்பும் சில பாட்டில்களுக்குக் கழுத்து பால்போல வெளுத்திருக்குமே, அது சாயமில்லை. வேண்டுமென்றே சுடவைத்துப் படிகமாக்கியது! பெரிய படிகத் திரள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளை. இழுவையில் பிறக்கும் படிகங்களோ மிகப் பொடி, அதனால்தான் உடல் கண்ணாடிபோலத் தெளிவு.

எல்லாவற்றையும்விட வியப்பு இதுதான். இரண்டு வகை பாலியெஸ்டர்களைச் சேர்த்து உருக்கினால் அவை வெறுமனே கலப்பதில்லை. சங்கிலிகள் தம் கண்ணிகளைக் கோக்கும் எஸ்டர் பிணைப்பில் அறுந்து, எதிராளியின் துண்டோடு ஒட்டிக்கொள்கின்றன! முதலில் நீள நீளத் துண்டுகளாக. இந்தக் கலப்புச் சங்கிலிகள் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்வதால் கலவை உறுதிப்படுகிறது. அங்கேயே நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் துண்டுகள் குட்டையாகிக்கொண்டே போய், ஒழுங்கு குலைந்து, படிகமாகும் திறனே போய்விடும். உருகுநிலை என்ற ஒன்றே காணாமல் போகலாம்!

கார் பம்பர்களுக்குப் பயன்பட்ட, பிபிடி (PBT) என்ற இன்னொரு பாலியெஸ்டரும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கும் சேர்ந்த கலவையிலும் இதே ஆபத்துதான். பிபிடி தயாரித்தபோது தங்கிவிட்ட டைட்டானியம் வினையூக்கி, துளியளவே இருந்தாலும், உருக்கும்போது இந்த மாற்றத்தை முடுக்கிவிடும். எனவே கொஞ்சம் பாஸ்பைட் என்ற சேர்மத்தைச் சேர்த்து அதன் வாயைக் கட்டிவிடுகிறார்கள். பிறகு அந்தப் பொருள் பெட்ரோல் பட்டாலும் தாங்கும், அடிபட்டாலும் தாங்கும்!