கத்திக்கும் ஊர் உண்டு

ஐரோப்பிய நூதனசாலைகளிலும் ஏலவிற்பனைக் கூடங்களிலும் நமது பிராந்தியத்துப் பழங்கத்திகள் 'இந்தியா' என்றோ 'இலங்கை' என்றோ ஒற்றைச் சொற் குறிப்புடன் வைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். அக்குறிப்பு சிலவேளை பொருளைக் கொணர்ந்தவர் கப்பலேறிய நாட்டைச் சொல்லுமேயன்றி, அதை அடித்த கொல்லனின் ஊரைச் சொல்லாது.

பெயரும் தக்க சான்றன்று. குடகுநாட்டுக் கத்தியொன்றைச் சேகரிப்பாளர் 'பிச்சாங்கத்தி' என்பர். மலையாளத்திலோ அச்சொல் சாதாரணச் சிறுகத்தியைக் குறிக்கும். அலகு தேயும், மாற்றவும்படும். ஆதலால் அலகு, பிடி, உறை ஆகிய மூன்றையும் ஒருசேர நோக்குதல் வேண்டும்.

கண்டிக் கத்தியின் அலகு கனத்தது, ஒருபுறம் மட்டுமே கூருடையது. பிடியை அடுத்த பகுதியில் வெள்ளியோ பித்தளையோ பதிக்கப்பட்டிருக்கும். தந்தத்திலோ கொம்பிலோ அமைந்த பிடியில் 'லியவெல' எனப்படும் கொடி வேலைப்பாடு படரும். மரவுறையில் எழுத்தாணியும் செருகப்பட்டிருப்பதுண்டு. எனினும் எழுத்தாணி மட்டும் கண்டியை நிறுவாது. ஓலையில் எழுதியோர் தமிழரும் மலையாளிகளுங்கூட.

குடகுக் கத்தியோ அகன்ற அலகுடையது. பிடியின் முனை கிளித்தலைபோல் வளைந்திருப்பதுண்டு. வெள்ளிப் பூணிட்ட உறையிலிருந்து சங்கிலியில் குறும்பிவாங்கி, சாமணம் முதலிய சிறு கருவிகள் தொங்கும். குடகு மணமகன் இன்றும் இதனை இடையில் அணிகிறான்.

கண்டிக் கைவினை பற்றி நாம் இவ்வளவு அறிவதற்குக் காரணமானவர்களுள் முதன்மையானவர் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைப் பணியில் இருந்த அவர், கைவினைஞரிடமே கேட்டறிந்தவற்றை 1908இல் 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் நூலாக்கினார். வாய்மொழியாக இருந்த அறிவு எழுத்தில் ஏறியதாலேயே பிழைத்தது.

நம்மவர் வீடுகளிலும் பாக்குவெட்டியோ எழுத்தாணியோ பழங்கத்தியோ கடல் கடந்து வந்திருக்கலாம். அவற்றைப் புளியும் சாம்பலுமிட்டு மினுக்கவேண்டாம். பதிப்பு வேலை தேய்ந்துவிடும். எந்த ஊரில் வாங்கியது, எவர் கையாண்டது, எதற்குப் பயன்பட்டது என்பதை மூத்தோரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதிப் பொருளுடன் வையுங்கள். சொல்லக்கூடியவர் மறைந்தபின் பேரப்பிள்ளைகளின் கையில் எஞ்சுவது 'இலங்கை' என்ற ஒற்றைச் சொல்லாகவே இருக்கும்.