வெள்ளைப்படுதல்: க்ளினிக்குக்கு வராதவங்க கணக்கு

இன்னைக்கு எபிசோடை ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க. அசிங்கமான விஷயம்னு இல்ல, பக்கத்துல மாமனார் உட்கார்ந்திருந்தா சங்கடம் உங்களுக்குத்தான்.

போன வருஷம் எனக்கு வெள்ளைப்படுதல் அதிகமாச்சு. கூடவே மீன் மாதிரி ஒரு வாடை. அம்மாகிட்ட சொன்னா, "உடம்பு சூடு, வெந்தயம் ஊறவெச்சு சாப்பிடு"ன்னாங்க. தி. நகர்ல ஒரு மெடிக்கல் ஷாப்ல குரலைத் தாழ்த்திக் கேட்டேன். பூஞ்சைத் தொற்றுக்கான க்ரீம் ஒண்ணை நியூஸ் பேப்பர்ல சுத்திக் கொடுத்தாங்க. ரெண்டு மாசம், ரெண்டு க்ரீம், கேட்கவே இல்ல. கடைசியா அடையாறுல ஒரு டாக்டரைப் பார்த்தேன். பூஞ்சையே இல்லையாம். பாக்டீரியல் வஜைனோசிஸ்.

இது வெளியிலிருந்து ஒரே ஒரு கிருமி வந்து தாக்குற கதை இல்ல. யோனியில இயல்பாவே லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா இருக்கு. அது லாக்டிக் அமிலம் சுரந்து, பிஹெச் அளவை 3.8-லேருந்து 4.5-க்குள்ள வெச்சுக்கும். அது குறைஞ்சா கார்ட்னெரெல்லா மாதிரி மத்த பாக்டீரியா பெருகிடும். அதனாலதான் 'இன்டிமேட் வாஷ்' போட்டு உள்ள கழுவுறது உதவாது, இருக்குற நல்லதையும் அடிச்சுட்டுப் போயிடும்.

கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் வேண்டாம். 1983-ல ஆம்செல் குழு சொன்ன நாலு அடையாளத்துல மூணு இருந்தா போதும்: மெல்லிசா ஒரே சீரான திரவம், 4.5-க்கு மேல பிஹெச், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டா வர்ற மீன் வாடை, மைக்ராஸ்கோப்ல ஓரமெல்லாம் பாக்டீரியா அப்பின செல்கள். 1991-ல வந்த நியூஜென்ட் முறையில ஸ்லைடைப் பார்த்து 0-லேருந்து 10 வரை மதிப்பெண் போடுவாங்க. 7 அல்லது அதுக்கு மேல வந்தா உறுதி. கண்டுக்காம விட்டா ஹெச்ஐவி தொத்துற அபாயம் கூடும், கர்ப்பத்துல குறைப்பிரசவ அபாயமும் கூடும்.

சரி, எத்தனை பேருக்கு இருக்கு? மகளிர் க்ளினிக்குக்கு வர்றவங்களை எண்ணிச் சொன்னா, அது டிக்கெட் போட்ட யூசர்களை மட்டும் வெச்சு ஆப்ல எத்தனை பக் இருக்குன்னு சொல்ற மாதிரி. டிக்கெட் போடாதவங்க?

அவங்களைத் தேடிப் போனவங்க ராணி பங், அபய் பங் தம்பதி. மகாராஷ்டிராவுல கட்சிரோலி பகுதி கிராமங்கள்ல 650 பெண்களைப் பரிசோதிச்சு 1989-ல லான்செட்ல எழுதினாங்க. 92 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மகளிர் நோய் இருந்தது. அதுக்கு முன்னாடி பரிசோதனை செஞ்சுக்கிட்டவங்க வெறும் 8 சதவீதம்.

நம்ம ஊரு கணக்கும் இருக்கு. தமிழ்நாட்டு கிராமங்கள்ல 16-லேருந்து 22 வயசுக்குள்ள கல்யாணமான 451 பெண்களை வெச்சு ஒரு ஆய்வு, 2005-ல வெளியாச்சு. 53 சதவீதம் பேருக்கு அறிகுறி இருந்தது. லேப் டெஸ்ட்ல தொற்று தெரிஞ்சது 38 சதவீதம் பேருக்கு. அறிகுறி இருந்தவங்கள்ல மூணுல ரெண்டு பேர் வைத்தியமே பார்க்கல. பெண் டாக்டர் இல்ல, மறைவு இல்ல, தூரம், செலவு, 'இதெல்லாம் சகஜம்'னு ஒரு நினைப்பு. மயிலாப்பூர்ல நடந்து போற தூரத்துல க்ளினிக் இருக்குற நமக்கு முதல் நாலும் ஓரளவு பொருந்தாது. அந்தக் கடைசிக் காரணம் எங்க வீட்டு வெந்தயம்தான். கூட இன்னொண்ணும் சேரும்: "கல்யாணம் ஆயிடுச்சா?"ங்குற முதல் கேள்வி. ஆகாதவங்க பாதிப் பேர் அங்கேயே வாயை மூடிக்கிறாங்க.

அரசு சுரக்ஷா க்ளினிக்ல வேற வழி வெச்சாங்க. அறிகுறியைப் பார்த்து கலர் கிட்டா மருந்து. யோனித் தொற்றுக்குப் பச்சை கிட்: செக்னிடசோல், ஃப்ளுகோனசோல். அதாவது பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் சேர்த்தே. லேப் இல்லாத இடத்துல இது நியாயமான ஏற்பாடு, அன்னைக்கே மருந்து கிடைக்கும். ஆனா அறிகுறியே காட்டாததை இது எப்படிப் பிடிக்கும்? கிளமிடியா நிறைய பெண்கள்கிட்ட சத்தமே போடாது. மேல ஏறி கருக்குழாயை அடைச்சிடலாம். சில வருஷம் கழிச்சு, குழந்தையின்மை சிகிச்சைக்குப் போகும்போதுதான் தெரியவரும். அதுக்குத் தனியா டெஸ்ட் கேட்டு எடுக்கணும், கேளுங்க.

எனக்கு மாத்திரையில சரியாச்சு, மூணு மாசத்துல திரும்ப வந்துடுச்சு. இது ரொம்ப பேருக்கு நடக்குறதுதான். 2025 மார்ச்ல மெல்போர்ன் குழு ஒண்ணு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு சோதனையை வெளியிட்டது. பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்த ஜோடிகள்ல 12 வாரத்துல 63 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது. ஆணுக்கும் ஒரு வாரம் மாத்திரையும் க்ரீமும் கொடுத்த ஜோடிகள்ல 35 சதவீதம்தான். இத்தனை காலமா 'உன் சுத்தம் சரியில்ல'ன்னு பொண்ணுங்ககிட்டயே சொல்லிட்டிருந்தோம்.

இதை டாக்டர் மேடம்கிட்ட கேட்டேன். சிரிச்சுட்டு, என் வீட்டுக்காரர் பேர்லயும் ஒரு ப்ரிஸ்க்ரிப்ஷன் எழுதினாங்க. அதே தி. நகர் கடைக்கு அவரே போனார். அவரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாராம்.