செவ்வாய்ப் பயணக் காலம்
பூமியிலிருந்து செவ்வாய்க் கோளை அடைய விண்கலங்களுக்கு ஏறத்தாழ 7 முதல் 10 மாதங்கள் ஆகின்றன. இரு கோள்களும் மிக நெருங்கும்போது இடைவெளி சுமார் 5.5 கோடி கிலோமீட்டர்தான். ஆனால் விண்கலம் நேர்கோட்டில் செல்வதில்லை. எரிபொருளை மிச்சப்படுத்த, சூரியனைச் சுற்றிய நீள்வட்டப் பாதையில் சென்று, செவ்வாய் வரவிருக்கும் இடத்தை அடைகிறது.

2020 சூலை 30 அன்று ஏவப்பட்ட பெர்சிவியரன்சு, சுமார் 47 கோடி கிலோமீட்டர் கடந்து 203 நாட்களில் தரையிறங்கியது. இந்தியாவின் மங்கள்யான் 2013 திசம்பர் 1 அன்று புவிச் சுற்றுப்பாதையை விட்டு நீங்கி, 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தது.

இப்பயணத்திற்கு ஏற்ற கோள் அமைவு சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறையே வாய்க்கிறது. எனவே இப்பாதையில் மனிதர் சென்றால், திரும்புவதற்கேற்ற அமைவு வரும்வரை அங்கே ஓராண்டுக்கு மேல் தங்க வேண்டும். உணவு, நீர், காற்று ஆகியவற்றை ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்குத் திட்டமிட வேண்டியிருக்கும்.