பார்க் ஸ்ட்ரீட் கல்லறையும் பாளையக்காரர் வம்சாவளியும்

கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் பழைய கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி ஆபீசுக்குப் போய்வரும் தமிழர்கள் பலர். அங்கே அடக்கமாகியுள்ள கர்னல் காலின் மெக்கன்சிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் உள்ள தொடர்பை அறிந்தவர்கள் சிலரே.

ஸ்காட்லாந்தில் பிறந்த மெக்கன்சி 1783-ல் சென்னைக்கு வந்தார். தொழில் நில அளவை. நாட்டம் பழைய ஏடுகளில். தென்னாட்டு உதவியாளர்களை ஊர் ஊராக அனுப்பி கைபீதுகளையும் வம்சாவளிகளையும் திரட்டினார். ஏடு கொடுக்கத் தயங்கியவர்களும் உண்டு. கேட்பது கம்பெனி அதிகாரியாயிற்றே, வரி கூடுமோ என்ற அச்சம் இயல்புதான்!

பாளையக்காரர் வம்சாவளிகளில் மூதாதை எங்கிருந்து வந்தார், எந்த மன்னரிடம் என்ன விருது பெற்றார், பட்டத்துக்கு வந்தவர்கள் யார் யார் என்பதெல்லாம் வரிசையாக வரும். அவர்களில் பலர் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களே. பாளையம் போய் ஜமீன் வந்த காலத்தில், நிலத்துக்கு உரிமை நாட்ட இந்த ஏடு தேவைப்பட்டது. எனவே புகழுரை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். ஆயினும் வேறெங்கும் இல்லாத பெயர்கள் அவற்றில் உள்ளன.

இந்தியாவின் சர்வேயர் ஜெனரலாக நியமனம் பெற்ற மெக்கன்சி, 1817-ல் சேகரிப்புடன் கல்கத்தா வந்து, 1821-ல் காலமானார். அவர் மனைவியிடமிருந்து கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. எச்.எச். வில்சன் தயாரித்த அட்டவணை 1828-ல் இந்நகரிலேயே அச்சாயிற்று. தமிழ்ச் சுவடிகள் பின்னர் சென்னை திரும்பின. இன்று அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளன.

ஜமீன் வீடுகளை நாடி ஆள் வந்தது. பிழைப்புக்காகக் கல்கத்தா வந்த குமாஸ்தாவின் டிரங்குப் பெட்டியை யாரும் தேடி வரவில்லை. அதிலுள்ள இன்லண்ட் லெட்டரில் ஊர் மழை, நெல் விலை, தங்கையின் கல்யாணச் செலவு எல்லாம் இருக்கும். தபால் முத்திரையில் தேதியும் இருக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு அழைப்பிதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும்கூடச் சேர்த்து வைத்தார். அவை இன்று சென்னையில் அவர் பெயரிலுள்ள ஆராய்ச்சி நூலகத்தில் காக்கப்படுகின்றன.

கொல்கத்தாவின் மழைக்கால ஈரமும் கரையானும் காகிதத்துக்கு எமன். கடிதங்களுக்குப் பசை நாடா ஒட்டக்கூடாது, லாமினேஷனும் கூடாது. ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்கும் முன் பிரதி எடுத்துக்கொள்ளலாம். வெளியே தெரியக்கூடாத கடிதம் இருந்தால் அதற்கு நிபந்தனை பேசிக்கொள்ளலாம். இன்னொரு வேலை அவசரமானது. கடிதத்தில் 'சின்ன மாமா' என்று மட்டும் இருக்கும். அவர் யார், எந்த ஊர் என்று சொல்ல வீட்டில் ஒரு பாட்டியாவது இருக்கும்போதே, தனித் தாளில் எழுதிக் கடிதத்தோடு வைத்துவிட வேண்டும்.