எண்பத்தாறு கிலோ உண்மை

"வெயிட் எவ்வளவு சார்?"

போனில் கேட்டவர் டாக்டர் இல்லை. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டும் இல்லை. ஓசூரில் ஒரு ஷெட் போட்டு, சைக்கிள் ஃபிரேம் கட்டிக் கொடுக்கிறவர்.

"எழுபத்திநாலு" என்றேன், கண்ணை இமைக்காமல்.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். கல்யாண ஆல்பத்தில் இருக்கிற ஆளின் எடையைச் சொல்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. மறுபடி கீரைக்குப் போய்விட்டாள்.

அந்தப் பன்னிரண்டு கிலோ பொய் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

சேலத்தில் இருக்கிறவனுக்கு ஏற்காடு மொட்டை மாடி மாதிரி. ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. அதற்காக ஒரு ரெடிமேட் மவுன்ட்டன் பைக் வாங்கினேன். கடையில் அதுவும் பனியன் மாதிரிதான்... எஸ், எம், எல்! என் உடம்போ ஒரு தினுசு. உயரம் 173 சென்டிமீட்டர். அதில் கால் மட்டும் 84. ஆண்டவன் கீழே தாராளமாகச் செலவு செய்துவிட்டு, மேலே வரும்போது சிக்கனம் பிடித்துவிட்டான். 'எம்' சைஸ் காலுக்குச் சின்னது. 'எல்' முதுகுக்குப் பெரியது. "ஓட்ட ஓட்டச் சரியாயிடும் சார்" என்று 'எல்'லைக் கட்டிக் கொடுத்தார் கடைக்காரர். சைக்கிள் அப்படியேதான் இருந்தது. என் இடுப்புதான் தேய்ந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நண்பரின் காபி எஸ்டேட்டில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இறங்கும் மண் பாதை. முன் சக்கரம் ஒரு வேரில் தட்டியது. சைக்கிள் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை! ஹேண்டில்பாரைத் தாண்டிப் பறந்து விழுந்ததில் முழங்கையில் ஐந்து தையல்.

தையல் பிரித்துவிட்டார்கள். பயம் பிரியவில்லை. இறக்கத்தைக் கண்டாலே விரல்கள் பிரேக்கைக் கவ்விக்கொள்ளும். மலை ஏறும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தள்ளிக்கொண்டு இறங்குகிறவன் அந்த மலையிலேயே நான் ஒருவன்தான்.

"ரெடிமேட் சரியா வரலைன்னா தையல்காரர்ட்ட போக வேண்டியதுதானே?" என்றார் எஸ்டேட் நண்பர். அப்படித்தான் ஓசூர் மாஸ்டர் கிடைத்தார். நான் கேட்டது ஸ்டீலில் ஒரு 'ஹார்டுடெயில்' ஃபிரேம். வேறொன்றுமில்லை, முன் சக்கரத்துக்கு மட்டும் சஸ்பென்ஷன். பின்பக்கம் ஒன்றும் கிடையாது, நம் முழங்கால்தான் ஸ்பிரிங்!

விலை? ஃபிரேமுக்கு மட்டும் அறுபத்திரண்டாயிரம்.

"சக்கரம்?" என்றாள் மனைவி.

"பழைய சைக்கிள்லேர்ந்து கழட்டிப்போம்."

"பெடல்?"

"அதுவும் பழசு."

"அப்போ அறுபத்திரண்டாயிரத்துக்கு என்னதான் வரும்?"

"நடுவுல இருக்கிற குழாய்."

பி.காம். படித்த பாவத்துக்கு நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மறுவிற்பனை மதிப்பு பூஜ்யம். என்னைப் போலவே கால் நீண்டு முதுகு குறைந்த இன்னொரு ஜீவன் கிடைத்தால்தான் விற்க முடியும். எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். ஆனால், முழங்கைத் தழும்பு கையெழுத்துப் போட்டுவிட்டது.

போனில் எல்லாம் சொல்லியிருந்தும், "நேர்ல வாங்க, அளவெடுக்கணும்" என்றார் மாஸ்டர். போனேன். செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுவரோடு சாய்த்து நிறுத்தினார். தடிமனான ஒரு புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவில் கொடுத்து, "சீட்ல உக்கார்ற மாதிரி நல்லா மேல இழுத்துப் பிடிங்க" என்றார். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை டேப் வைத்தார். அப்புறம் தோள், கை, முதுகு... மாப்பிள்ளை கோட்டுக்குக்கூட என்னை இவ்வளவு அளந்ததில்லை.

"எப்படி ஓட்டுவீங்க? குதிப்பீங்களா?"

"குதிப்பேனே" என்றேன். வீடியோவில் பார்த்த வெள்ளைக்காரப் பையன்களெல்லாம் கண் முன்னே வந்து போனார்கள்.

"எத்தன தடவ குதிச்சிருக்கீங்க?"

"ஒரு தடவை."

"எப்போ?"

"விழுந்தப்போ."

அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

பிறகு ஓர் அட்டைக் குழலைத் திறந்து ட்யூபை எடுத்தார். மேலே ரெனால்ட்ஸ் என்று போட்டிருந்தது. நமக்கு ரெனால்ட்ஸ் என்றால் வெள்ளை உடம்பு, நீல மூடி, பரீட்சை ஹால்! இது அந்தப் பேனா இல்லை. இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் சைக்கிள் ட்யூப் செய்கிற கம்பெனி. ட்யூபின் இரண்டு முனைகளையும் தடிமனாகவும், நடுவை மெல்லிசாகவும் இழுக்கிற வித்தைக்கு 1897-லேயே பேட்டன்ட் வாங்கியவர்கள். முனையில்தான் வெல்டிங் சூடும் பாரமும் விழும். அங்கே சதை வேண்டும். நடுவில் தேவையில்லை, அதனால் எடை குறையும். அவ்வளவுதான் சூட்சுமம்.

"இவங்களுக்கும் நம்ம அம்பத்தூருக்கும் உறவு உண்டு தெரியுமா?" என்றார் மாஸ்டர். 1928-ல் ரெனால்ட்ஸ், ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற இங்கிலாந்து குழுமத்தில் சேர்ந்தது. அதே குழுமம்தான் முருகப்பா குடும்பத்தோடு கைகோத்து 1949-ல் அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி தொடங்கியது. ஆக, நம் அப்பாக்கள் மிதித்த ஹெர்குலிஸுக்கு இந்த ட்யூப் ஒருவகையில் பெரியப்பா பிள்ளை முறை.

ட்யூபைக் கையில் வாங்கினேன். விரலால் சுண்டினேன். 'டிங்' என்று கோயில் மணி மாதிரி ஒரு சத்தம்.

"எழுபத்திநாலு கிலோக்கு இது சரியா இருக்கும். முனையில 0.8 மில்லிமீட்டர். நடுவுல 0.5" என்றபடி அதை வாங்கி வைஸில் பூட்டினார் மாஸ்டர். ரம்பத்தை எடுத்தார்.

அரை மில்லிமீட்டர்! வீட்டு டிபன் பாக்ஸ் தடிமன்! அதன் மேல் நான் ஏறி, அதே வேரின் மேல், அதே இறக்கத்தில்... முழங்கைத் தழும்பு நமநமவென்று அரித்தது.

"மாஸ்டர்... ஒரு நிமிஷம்."

"சொல்லுங்க."

"எழுபத்திநாலு இல்ல. எண்பத்தாறு."

ரம்பத்தை வைத்தார். குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து ஒரு எடை மிஷினைக் காலால் இழுத்து என் முன்னால் நகர்த்தினார். "இதுல ஏத்தாம நான் யாருக்கும் ட்யூபை வெட்றதில்ல சார். நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். எல்லாரும் அஞ்சு கிலோ, ஆறு கிலோ குறைப்பாங்க. நீங்க ஒரு டஜன்!"

ஏறினேன். மிஷின் 86.4 என்றது. அந்த நானூறு கிராமை மனைவியே எனக்கு மன்னித்துவிட்டிருந்தாள் போலும்.

வேறு ட்யூப் வந்தது. முனையில் 0.9, நடுவில் 0.6. வித்தியாசம் 0.1 மில்லிமீட்டர். ஏறக்குறைய நாம் எழுதுகிற ஒரு தாளின் தடிமன். ஆனால், கணக்குப் போட்டுப் பாருங்கள், 0.5-க்கு மேல் 0.1 என்பது 20 சதவீதம் கூடுதல் உலோகம். பன்னிரண்டு கிலோ பொய்யைத் தாங்க ஒரு தாள் கனம் ஸ்டீல் தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு நான் பொய்யே சொல்லவில்லை. எனக்கு இறக்கம் பயம் என்றும் சொல்லிவிட்டேன். "அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே, அதுதான் முக்கியமான அளவு!" என்றார் மாஸ்டர். என் பழைய சைக்கிளின் முன் ஃபோர்க், தரைக்கு 71 டிகிரி கோணத்தில் செங்குத்தாக நின்றதாம். சக்கரம் மூக்குக்குக் கீழேயே இருந்திருக்கிறது. இறக்கத்தில் உடம்பு முன்னால் சரிந்தால் குட்டிக்கரணம்தான். புதிதில் 66 டிகிரி. ஈஸிசேர் மாதிரி சாய்த்து, முன் சக்கரத்தை எட்டப் போட்டார். வளைவில் கொஞ்சம் சோம்பல்படும். ஆனால், சரிவில் நம்மைக் கவிழ்க்காது.

ட்யூபும் ட்யூபும் சேரும் இடத்தில் முனையை மீன் வாய் மாதிரி வளைத்து வெட்டுகிறார்கள். பொருத்திப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் மறுபடி அரம். இடைவெளியை வெல்டிங்கில் ரொப்பிக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. பிறகு ஜிக்கில் பூட்டி, ஆர்கான் வாயுவில் டிக் வெல்டிங். காசுகளை வரிசையாக அடுக்கிச் சாய்த்த மாதிரி தையல் விழுகிறது. ஒரே பக்கமாகச் சூடு ஏற்றினால் ஃபிரேம் கோணிக்கொள்ளும் என்று இங்கே கொஞ்சம், எதிரே கொஞ்சம் என்று மாறி மாறிப் போட்டார்.

ஆற விடும் நேரத்தில் டீயும் கதையும். மவுன்ட்டன் பைக் பிறந்ததே இறக்கத்தில்தானாம்! கலிஃபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில், 1976-ல் சில இளவட்டங்கள் தடித்த டயர் போட்ட அரதப்பழசான சைக்கிள்களில் மலையிலிருந்து பந்தயம் இறங்கினார்கள். மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் சுமார் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பின் பிரேக். கீழே வருவதற்குள் அதில் உள்ள கிரீஸ் எரிந்து புகையாகிவிடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். பழைய ஃபிரேம்கள் அடி தாங்கவில்லை. 1977-ல் ஜோ பிரீஸ் என்பவர், மலைக்கென்றே குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீலில் புது ஃபிரேம் கட்டினார். அங்கே ஆரம்பித்தது, 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் வரை போய்விட்டது.

"அவங்களுக்கும் பயம் இருந்திருக்கும் சார். அதான் நல்ல ஃபிரேம் கட்டினாங்க" என்றார் மாஸ்டர்.

நாலு மாதம் கழித்து ஃபிரேம் வந்தது. பச்சை பவுடர் கோட்டிங். இரண்டரை கிலோ. ஏற்காட்டுப் பனிக்குத் துருப்பிடிக்காமலிருக்க ட்யூபுக்கு உள்ளேயும் எண்ணெய் அடித்திருந்தார். பழைய சக்கரம் அப்படியே பொருந்தியது. அதன் அகலத்தை அளந்துதான் பின்பக்கத்தையே கட்டியிருந்தார். முன் ஃபோர்க் மட்டும் புதிது. அதற்குக் காற்று அடிக்கும்போதும் எடையைக் கேட்டார்கள். "எண்பத்தாறு புள்ளி நாலு" என்றேன் கம்பீரமாக.

ஞாயிறு காலை. அதே எஸ்டேட். அதே வேர். நான் இறங்கி நடந்துபோய் அதைப் பார்த்தேன். கையளவு கூட இல்லை! இதற்கா ஆறு மாதம் பயந்தேன்?

திரும்ப மேலே போய் ஏறி உட்கார்ந்தேன். முதுகு எங்கேயும் இழுக்கவில்லை. கை தானாக ஹேண்டில்பாருக்குப் போயிற்று. விரல்கள் பழக்கதோஷத்தில் பிரேக்கைத் தேடின. விட்டேன். இடுப்பைப் பின்னால் தள்ளி, முழங்காலைத் தளர்த்தினேன். வேர் வந்தது. முன் சக்கரம் ஏறியது, இறங்கியது. பின் சக்கரம் ஒரு குத்து குத்தியது. ஸ்டீல் என்றால் பஞ்சு மெத்தை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மெத்தை வேலையைப் பெரும்பாலும் டயர்தான் பார்க்கிறது. அவ்வளவுதான். ஒன்றுமே நடக்கவில்லை. அந்த ஒன்றுமே நடக்காததற்குத்தான் அறுபத்திரண்டாயிரம். தாராளமாகக் கொடுக்கலாம்.

கீழே வந்து நின்றபோது கால் நடுங்கியது உண்மை. திரும்ப ஏறிப் போய் இன்னும் மூன்று தடவை இறங்கியதும் உண்மை.

மூன்று மாதம் விடாமல் மிதித்துவிட்டு, போன வாரம் வீட்டில் எடை மிஷினில் ஏறிப் பார்த்தேன்.

"எண்பத்தஞ்சு!" என்று கத்தினேன்.

சமையலறையிலிருந்து பதில் வந்தது: "ஓசூருக்குப் போன் பண்ணுங்க. கொஞ்சம் ட்யூபை இழைச்சுத் தருவார்."